எடைக்கும் கால் பலத்துக்கும் ஏற்ற சைக்கிள் கியர்: கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் வழி

கியர் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை கியர்?" என்பதுதான். 21 கியர் என்றால் நல்லது, 16 என்றால் கொஞ்சம் குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணிக்கையை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. மலைப்பாதையில் உங்களுக்குக் கைகொடுப்பது ஒரே ஒரு கியர்தான்: அந்தச் சைக்கிளில் இருப்பதிலேயே லேசான கியர். அது உங்கள் எடைக்கும் காலுக்கும் போதுமா என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

ஈசிஆர் மாதிரி சமமான சாலையில் நன்றாக ஓட்டிப் பழகி, பிறகு ஏலகிரிக்கோ ஏற்காட்டுக்கோ போய் நாலாவது வளைவில் முட்டிவலியோடு நிற்பவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு உடம்பில் குறை எதுவும் இல்லை. கியர்தான் அவர்களுக்குப் பொருந்தவில்லை. கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். ஒவ்வொரு படியின் விடையும் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

எடை பார்க்கும் மெஷின், டேப், சாக்பீஸ், கால்குலேட்டர், வேகமும் உயரமும் காட்டும் ஒரு ஆப் உள்ள போன். இவ்வளவு போதும். மிதிக்கும் பலத்தை அளக்கும் பவர் மீட்டர் வேண்டியதில்லை.

சைக்கிளில் இரண்டு விஷயம் எண்ணிக்கொள்ளுங்கள். முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரங்களில் ஒவ்வொன்றிலும் எத்தனை பல். பின்னால் பெரியதிலும் சின்னதிலும் எத்தனை பல். பெரும்பாலும் சக்கரத்தின் மேலேயே பொறித்திருப்பார்கள். இல்லாவிட்டால் ஒரு பல்லில் சாக்பீஸ் குறி வைத்து எண்ணுங்கள். டப்பாவில் எழுதியிருப்பதையோ விளம்பரத்தில் போட்டிருப்பதையோ நம்ப வேண்டாம். ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு வருடம் வெவ்வேறு பல்சக்கரம் வரும்.

அடுத்து டயரின் சுற்றளவு. டயர் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, சைக்கிள் மேல் உட்கார்ந்தபடியே ஒரு முழுச் சுற்று உருட்டி, இரண்டு கோட்டுக்கும் நடுவே அளந்துகொள்ளுங்கள். உட்கார்ந்துதான் அளக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் எடையில் டயர் கொஞ்சம் அமுங்கும். 700×32 டயர் என்றால் 2.15 மீட்டர் பக்கம் வரும். 26 அங்குல மலைச் சைக்கிள் டயர் என்றால் 2.05 பக்கம்.

2. மொத்த எடையைப் பாருங்கள்

உடல் எடையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவது நிறையப் பேர் செய்யும் தவறு. மேட்டில் ஏறுவது நீங்களும் சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் பூட்டும் பையும் சேர்ந்துதான். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மெஷின் மேல் ஏறி நில்லுங்கள்.

இந்த வழிகாட்டி முழுவதும் இரண்டு பேரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் 85 கிலோ, சைக்கிளும் சாமானும் 15 கிலோ, மொத்தம் 100. இரண்டாமவர் 58 கிலோ, சைக்கிளும் சாமானும் 12, மொத்தம் 70.

3. ஏறப்போகும் பாதையின் உண்மையான சரிவு

சரிவு என்பது ஏறிய உயரத்தைத் தூரத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வருவது. ஒரு கிலோமீட்டரில் 60 மீட்டர் ஏறினால் 6 சதவீதம். இது எவ்வளவு என்று பிடிபட, நீலகிரி மலை ரயிலை நினைத்துக்கொள்ளலாம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே அது பல் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. அங்கே மிக அதிகமான சரிவு 12-க்கு 1, அதாவது 8.33 சதவீதம்.

சராசரிச் சரிவு ஏமாற்றும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மொத்தமாகச் சராசரி எடுத்தால் 5 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் கல்லாறு வரை சாலை கிட்டத்தட்ட சமம். அந்தச் சமதளம் சராசரியைக் கீழே இழுத்துவிடுகிறது. உங்கள் கால் சந்திக்கப்போவது அதற்குப் பிறகு வரும் ஏற்றத்தை.

அதனால் இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். ஏற்றம் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரையிலான சராசரி ஒன்று. அந்தப் பாதையிலேயே மிகச் செங்குத்தான ஒரு கிலோமீட்டரின் சரிவு இன்னொன்று. ஸ்ட்ராவா மாதிரி ஆப்களில் பாதையை வரைந்தால் இரண்டும் கிடைக்கும். 50 மீட்டர் தூரத்துக்கு 15 சதவீதம் என்று காட்டினால் பயப்பட வேண்டாம். அந்த அளவு குறுகிய தூரத்தில் ஆப்பின் உயரக் கணக்கே தடுமாறும். உண்மையாகவே இருந்தாலும் எழுந்து நின்று மிதித்துக் கடந்துவிடலாம்.

4. உங்கள் பலத்தை அளக்கும் எளிய வழி

பலத்தை வாட் கணக்கில் சொல்வார்கள். நமக்கு அதைவிடப் பயனுள்ள எண் ஒன்று இருக்கிறது: ஒரு மணி நேரத்தில் எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள் என்பது. இதில் பலமும் எடையும் இரண்டுமே அடங்கிவிடும். எடை கூடினால் இந்த எண் குறையும், பலம் கூடினால் கூடும்.

5 சதவீதத்துக்குக் குறையாத ஒரு ஏற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். அதைவிடச் சரிவு குறைந்த சாலையில் உங்கள் உழைப்பில் கூடுதல் பங்கு காற்றுக்கும் டயர் உராய்வுக்கும் போய்விடும், எண் தப்பாக வரும். 20 நிமிடமாவது சீராக ஏறுங்கள். பக்கத்தில் வருபவரோடு துண்டு துண்டாகவாவது பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஐந்து நிமிடம் உயிரைக் கொடுத்து ஏறி, அதைப் பன்னிரண்டால் பெருக்கி எடுத்த எண் எதற்கும் உதவாது. புதியவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் அளக்கிறார்கள். வந்த எண்ணை நம்பிக் கனமான கியரை வாங்கிவிடுகிறார்கள்.

உதாரணமாக, 20 நிமிடத்தில் 140 மீட்டர் ஏறினால் மணிக்கு 420 மீட்டர்.

சென்னைக்காரர்களுக்கு அளந்து பார்க்கப் பக்கத்தில் மலை கிடையாது. அவர்கள் தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். இப்போதுதான் தொடங்கியவர், எடையும் சற்றுக் கூடுதல் என்றால் 350 முதல் 450. வாரம் மூன்று நாள் ஒழுங்காக ஓட்டுபவர் என்றால் 550 முதல் 650. பல வருடம் பயிற்சி எடுத்த, ஒல்லியான உடல்வாகு உள்ளவர் 800-ஐத் தாண்டுவார். எங்கே நிற்கிறீர்கள் என்று சந்தேகம் வந்தால் கீழே உள்ள எண்ணை எடுங்கள். கியர் கூடுதலாக லேசாக இருந்தால் நஷ்டம் அதிகமில்லை. கனமாக இருந்தால் முட்டி பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பை மாட்டிக்கொண்டு நீண்ட பயணம் போவதாக இருந்தால் எண்ணைத் திருத்துங்கள். பழைய மொத்த எடையால் பெருக்கி, புதிய மொத்த எடையால் வகுத்தால் போதும். மொத்தம் 100 கிலோவில் 420 ஏறுகிறவர், 10 கிலோ சாமான் ஏற்றினால் 380 அளவுக்கு இறங்கிவிடுவார்.

5. ஏற்றத்தில் உங்கள் வேகம்

மணிக்கு ஏறும் உயரத்தை, சரிவு சதவீதத்தின் பத்து மடங்கால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போவீர்கள் என்பது கிடைத்துவிடும்.

முதலாமவர் மணிக்கு 420 மீட்டர், 6 சதவீதச் சரிவு: 420-ஐ 60-ஆல் வகுத்தால் 7 கிலோமீட்டர் வேகம். இரண்டாமவர் நல்ல பயிற்சி உள்ளவர், 800 மீட்டர்: அதே சரிவில் 13.3 கிலோமீட்டர். ஒரே சாலை, வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. இவர்கள் இருவரும் ஒரே கியர் அமைப்பை வாங்கினால் ஒருவருக்கு அது கண்டிப்பாகப் பொருந்தாது. "என் நண்பன் இந்தச் சைக்கிளில் ஊட்டிக்கே போயிட்டான்" என்பதை வைத்து வாங்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

6. நிமிடத்துக்கு எத்தனை சுற்று

உட்கார்ந்தபடி மேடு ஏறும்போது பெடல் நிமிடத்துக்கு 65 முதல் 75 சுற்று சுற்றுவது பெரும்பாலானவர்களுக்கு வசதி. 60-க்குக் கீழே நீண்ட நேரம் போகக் கூடாது.

காரணம் எளிது. வேகம் மாறாமல் இருக்க, 65 சுற்றுக்குப் பதில் 45 சுற்றில் மிதித்தால் ஒவ்வொரு மிதியிலும் 1.4 மடங்குக்கு மேல் விசை கொடுக்க வேண்டும். அதை ஒரு மணி நேரம் தாங்குவது தொடைத் தசையும் முட்டி மூட்டும்தான். எடை கூடுதலானவருக்கு அந்த அடிப்படை விசையே அதிகம். அவர் மெதுவான சுற்றிலும் மிதித்தால் இரண்டு சுமையும் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

எழுந்து நின்று மிதித்தால் உடல் எடையே பெடலை அழுத்துமே என்று கேட்கலாம். அழுத்தும். ஆனால் அந்த எடையைத் தாங்கி நிற்கவும் உடம்பு உழைக்கிறது, மூச்சு சீக்கிரம் வாங்கும். வளைவில் சில மிதிகளுக்கு அது நல்லது. மலை முழுவதும் அப்படி ஏற முடியாது.

முட்டியில் ஏற்கெனவே வலி இருந்தவர்கள், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் 75 என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் 65 அல்லது 70.

7. தேவையான கியரைக் கணக்கிடுதல்

இப்போது எல்லா எண்ணும் கையில் இருக்கிறது. வேகத்தை 16.67-ஆல் (மணிக்குக் கிலோமீட்டரை நிமிடத்துக்கு மீட்டராக்கும் எண்) பெருக்கிச் சுற்று எண்ணிக்கையால் வகுத்தால், பெடல் ஒரு முறை சுற்றும்போது சைக்கிள் எத்தனை மீட்டர் நகர வேண்டும் என்பது வரும். அதை டயர் சுற்றளவால் வகுத்தால் கியர் விகிதம்.

முதலாமவருக்கு: 7 × 16.67 = 116.7. அதை 65-ஆல் வகுத்தால் 1.79 மீட்டர். 2.15-ஆல் வகுத்தால் 0.83.

கியர் விகிதம் என்பது முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தது. 0.83 வேண்டும் என்றால் முன்னால் 30, பின்னால் 36 வைக்கலாம். அல்லது முன்னால் 28, பின்னால் 34.

இவர் ஆசைப்பட்டு, முன்னால் 50/34 (50 பல், 34 பல் என இரண்டு சக்கரம்), பின்னால் 11-28 (சின்னதில் 11 பல், பெரியதில் 28) உள்ள ரோடு பைக்கை வாங்கினால் என்ன ஆகும்? அதில் மிக லேசான கியர் 34-ஐ 28-ஆல் வகுத்தது, 1.21. 7 கிலோமீட்டர் வேகத்தில் இவர் கால் நிமிடத்துக்கு 45 சுற்றுதான் சுற்றும். ஏலகிரியில் பாதியில் நிற்பவர்கள் பலருக்கும் நடப்பது இதுதான். இரண்டாமவருக்கு அதே சைக்கிள் கச்சிதமாகப் பொருந்தும். 13.3 கிலோமீட்டர், 75 சுற்று என்று போட்டால் அவருக்குத் தேவை 1.37, அதைவிட லேசான கியரே கையில் இருக்கிறது.

இனி அந்தச் செங்குத்தான கிலோமீட்டரைப் பாருங்கள். அது 8 சதவீதம் என்றால் முதலாமவரின் வேகம் 5.25-க்கு இறங்கும். 5 கிலோமீட்டருக்குக் கீழே போனால் சைக்கிள் ஆட ஆரம்பிக்கும், நேர்கோட்டில் வைத்திருப்பதே வேலையாகிவிடும். எனவே கீழ் எல்லையாக 5.5 கிலோமீட்டரையும் 60 சுற்றையும் வைத்துக் கணக்கிடுங்கள். விடை 0.71. அதைவிட லேசான கியர் வாங்கிப் பெரும்பாலும் பயனில்லை. அந்த இடத்தில் இறங்கித் தள்ளினாலும் வேகம் கிட்டத்தட்ட அதேதான்.

இந்த 0.71 என்ற எண் சுவாரசியமானது. ஷிமானோ நிறுவனத்தின் விலை குறைந்த டூர்னி பாகங்கள் போட்டு வரும் சாதாரண 21 கியர் சைக்கிளில் முன்னால் 42/34/24 இருப்பதுண்டு. பின்னால் 14-34 மாட்டினால் 24-ஐ 34-ஆல் வகுத்து 0.71 கிடைத்துவிடுகிறது. விலை அதிகமான ரோடு பைக்கைவிட இந்தச் சைக்கிள் 85 கிலோக்காரரின் காலுக்கு நெருக்கமானது. மூன்று கிலோ கூடுதல் எடையைப் பார்த்து அதை ஒதுக்கிவிடாதீர்கள். மொத்தம் 100 கிலோவில் மூன்று கிலோ என்பது 3 சதவீதம், 1.21-லிருந்து 0.71-க்கு வருவது 40 சதவீதத்துக்கும் மேல்.

8. மேல் கியரும் நடுவில் உள்ள இடைவெளியும்

மேல் கியரைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். முன்னால் 42, பின்னால் 11 இருந்தாலே 90 சுற்றில் மணிக்கு 44 கிலோமீட்டர் போகலாம். இறக்கத்தில் அதற்கு மேல் மிதிக்கத் தேவையில்லை, உருண்டு போனால் போதும். எடை கூடியவர் இறக்கத்தில் தானாகவே வேகமெடுப்பார். அவருக்கு முன் 50, பின் 11 என்பது பயன்படாத கியர்.

இடைவெளி அப்படியில்லை. 14-34 ஃப்ரீவீலில் (பின் பல்சக்கரத் தொகுதி) பற்கள் 14, 16, 18, 20, 22, 24, அப்புறம் நேராக 34. 24-ல் 60 சுற்றில் ஏறிக்கொண்டிருப்பவர் 34-க்கு மாற்றியதும் கால் 85 சுற்றுக்குத் தாவும். மலைக்கு மட்டும் என்றால் பழகிக்கொள்ளலாம். ஆனால் மதியத்துக்கு மேல் கடற்காற்றை எதிர்த்து மணிக்கணக்கில் ஓட்டுபவருக்கு நெருக்கமான பற்கள் வேண்டும். எதிர்காற்றில் வேகம் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் ஏறி இறங்கும். அதற்கேற்பச் சின்னச் சின்ன மாற்றம்தான் தேவைப்படும். நீங்கள் ஓட்டுவதில் பெரும்பகுதி எங்கே என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

9. இருக்கும் சைக்கிளை லேசாக்குவது: எதை முதலில் மாற்றுவது

பின் பல்சக்கரத்தில் தொடங்குங்கள். அதுதான் செலவு குறைவு, வேலையும் எளிது. வாங்கும் முன் நான்கு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், அது ஃப்ரீவீலா கேசட்டா என்று. பின்னால் 6, 7 பல்சக்கரம் உள்ள விலை குறைந்த சைக்கிள்களில் பெரும்பாலும் மரையில் திருகும் ஃப்ரீவீல். 8-உம் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) செருகும் கேசட். ஒன்று இருந்த இடத்தில் மற்றொன்று ஏறாது. கழற்றும் கருவியும் வேறு.

இரண்டாவது, பின் டிரெய்லியர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி) எத்தனை பல் வரை தாங்கும் என்று. ஷிமானோ டூர்னி வரிசையிலேயே 28 வரை மட்டும் தாங்குவதும் உண்டு, 34 வரை தாங்குவதும் உண்டு. ரோடு பைக் வரிசையான கிளாரிஸ் ஆர்2000-இல் செயினைப் பிடிக்கும் கூண்டு சின்னதாக இருந்தால் 32, நீளமாக இருந்தால் 34. டிரெய்லியரின் உள்பக்கம் மாடல் எண் இருக்கும். அதை வைத்து ஷிமானோ வெளியிடும் அட்டவணையைப் பாருங்கள்.

மூன்றாவது, மொத்தக் கொள்ளளவு. முன்னால் பெரியதில் சின்னதைக் கழியுங்கள், பின்னாலும் அப்படியே, இரண்டையும் கூட்டுங்கள். 50/34-உம் 11-34-உம் என்றால் 16 + 23 = 39. அந்த அளவு செயின் தொய்வை டிரெய்லியர் இழுத்துப் பிடிக்க வேண்டும். அட்டவணையில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் முன்னாலும் பின்னாலும் சின்னதில் இருக்கும்போது செயின் தொங்கும்.

நான்காவது, செயின் தேய்மானம். தேய்ந்த பழைய செயினைப் புதுப் பற்களின் மேல் போட்டால், அழுத்தி மிதிக்கும்போது நழுவும். மேட்டில், முழு எடையோடு மிதிக்கும் நேரத்தில்தான் அது நடக்கும். விழுந்து அடிபட அதுவே போதும்.

முன் பல்சக்கரத்தைச் சின்னதாக்க நினைத்தால் கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை) போல்ட் ஓட்டைகளின் வட்ட அளவைப் பாருங்கள். 110 மில்லிமீட்டர் வட்டம் உள்ள காம்பாக்ட் கிராங்கில் நடைமுறையில் 34-க்குக் கீழே போக முடியாது. 130 என்றால் 38-க்குக் கீழே. 30 வேண்டும் என்றால் கிராங்கையே மாற்ற வேண்டியிருக்கும். அப்போது முன் டிரெய்லியரையும் கீழே இறக்க வேண்டும்.

பின்னால் 8, 9 கியர் உள்ள ஷிமானோ ரோடு பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. கிளாரிஸ், சோரா ஆர்3000 ஷிஃப்டர்கள் (கியர் மாற்றும் லீவர்கள்) இழுக்கும் கேபிள் அளவும், 9 கியர் வரையிலான ஷிமானோ மலைச் சைக்கிள் டிரெய்லியர்களுக்குத் தேவையான அளவும் ஒன்றேதான். எனவே சோராவோடு மலைச் சைக்கிள் வரிசையான ஆலிவியோவின் டிரெய்லியரை மாட்டிப் பின்னால் 11-36 போடலாம். 10 கியர் மலைச் சைக்கிள் டிரெய்லியர்களுக்கு இந்தப் பொருத்தம் இல்லை.

10. மாட்டும் வரிசை

செயின் நீளத்தை முதலில் சரிபாருங்கள். டிரெய்லியர் வழியாகக் கொண்டுபோகாமல், முன் பெரியதையும் பின் பெரியதையும் நேராகச் சுற்றிப் பிடித்து, முனைகள் சேரும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி கூடுதலாக விடுங்கள். 28 பல் இருந்த இடத்தில் 34 போட்டுவிட்டுப் பழைய நீளத்தையே விடுவதுதான் இந்த வேலையில் மிக ஆபத்தான தவறு. தெரியாமல் முன்னாலும் பின்னாலும் பெரியதுக்கு மாற்றினால் செயின் இறுகி, டிரெய்லியர் பிய்ந்து போகும் அல்லது அதைத் தாங்கும் ஹேங்கர் வளைந்துவிடும்.

அப்புறம் எல் ஸ்க்ரூ. செயின் பெரிய பல்லைத் தாண்டி ஸ்போக்ஸுக்குள் விழாமல் தடுப்பது அதுதான். அதன் பிறகு பி ஸ்க்ரூ. டிரெய்லியரின் மேல் சின்னச் சக்கரம் புதிய பெரிய பல்லில் உரசாமல் விலகி நிற்க வேண்டும். கேபிள் இறுக்கம் கடைசி. முதலிரண்டும் சரியாகாமல் கேபிளைத் திருகிக்கொண்டே இருப்பதால்தான் பலருக்குக் கியர் நிலைக்கு வராமலேயே இருக்கிறது.

11. எடை கூடியவர்கள் பின் சக்கரத்தையும் பார்க்க வேண்டும்

ஃப்ரீவீல் வகை ஹப்பில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருக்கும். அச்சின் ஒரு பகுதி தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். 7 கியரில் இது இன்னும் நீளம். 90 கிலோவுக்கு மேல் இருப்பவர் குழிகளில் இறங்கி ஏறினால் அந்த அச்சு வளையும், சில சமயம் உடையும். கேசட் வகை ஹப்பில் பேரிங் ஓரத்திலேயே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. புதிதாக வாங்கும் கனமான உடம்புக்காரருக்கு 8 கியர் கேசட் உள்ள சைக்கிளைச் சொல்வேன். பின்னால் 36 ஸ்போக்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது.

12. சாலையில்

மேடு தொடங்கும் முன்பே முன்னால் சின்னதுக்கு மாற்றிவிடுங்கள். பாரம் ஏறிய பிறகு முன் கியர் மாற்றினால் செயின் கழன்று விழும். பின்னால் மாற்றும்போதும் ஒரு அரைச் சுற்றுக்கு அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். எடை கூடியவர்களின் செயின் அறுவது பெரும்பாலும் முழு அழுத்தத்தில் கியர் மாற்றும் அந்த நொடியில்தான்.

கொண்டை ஊசி வளைவில் உள் ஓரம் மிகச் செங்குத்து. எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, உங்கள் பக்கத்துக்குள்ளேயே முடிந்தவரை வெளி ஓரமாக ஏறுங்கள்.

முதல் அரை மணி நேரம் கடைசி கியரை (இருப்பதிலேயே லேசானதை) தொடாமல் ஏற முடிந்தால் உங்கள் தேர்வு சரி. ஏறத் தொடங்கிய ஐந்தாவது நிமிடமே கடைசி கியரில் இருந்துகொண்டு கால் 50 சுற்றுக்குக் கீழே போனால், ஏறும் உயரத்தை அதிகமாகப் போட்டுவிட்டீர்கள் என்று பொருள். நான்காம் படிக்குத் திரும்பி, அன்றைக்கு உண்மையில் ஏறிய உயரத்தையும் நேரத்தையும் வைத்து மறுபடி கணக்கிடுங்கள். எடை ஐந்து கிலோ மாறினாலும், சில மாதம் தொடர்ந்து ஓட்டிப் பலம் கூடினாலும் இதையே செய்யுங்கள்.